கறாரக்கா போட்ட மூன்று மார்க்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இல்லாமல் இல்லை. சம்பளப் பட்டியலுக்கும் வருகைப் பதிவேட்டுக்கும் மட்டும்தான் அது உதவியது. குழந்தைகள் மறுவாழ்வு மையத்துக்கு வந்துபோகும் அம்மாக்கள் அத்தனை பேருக்கும் அவள் கறாரக்கா. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். ஒரு வருடம் போனதும் துணிச்சல் வந்து முகத்துக்கு நேரேயே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

அவள் வேலை அப்படி. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு எந்த அளவு பயிற்சி கொடுத்தால் எவ்வளவு முன்னேற்றம் வரும் என்று அந்த மையத்தில் நான்கு வருடமாக ஓர் ஆராய்ச்சி நடந்தது. பயிற்சி கொடுப்பவர்கள் வேறு, அளந்து மார்க் போடுபவள் இவள். புரண்டு படுப்பது, உட்காருவது, தவழ்வது, நிற்பது, படியேறுவது என்று மொத்தம் எண்பத்தெட்டு வேலைகள். குழந்தை தொடங்கவே இல்லையென்றால் பூஜ்யம், தொடங்கினால் ஒன்று, பாதி செய்தால் இரண்டு, முழுதாகச் செய்தால் மூன்று. நடுவே அரை மார்க் கிடையாது, அழுகைக்கு மார்க் கிடையாது, அம்மா முகத்துக்கு மார்க் கிடையாது.

"வீட்ல நல்லா செய்றான்க்கா, இங்க வந்தாத்தான் என்னமோ மாட்டேங்கிறான்" என்று சொல்லாத அம்மா அந்த மையத்தில் பிறக்கவில்லை.

"வீட்ல செய்றதுக்கு வீட்ல மார்க் போட்டுக்கோம்மா. இங்க செய்றதுக்குத்தான் நான்."

வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. அப்புறம் என்ன பெயர் வரும், தேனக்கா என்றா வரும்?

பதினோரு வருடம் அவளும் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கி மெத்தையில் விடும்போது முதுகில் ஏதோ சடக்கென்றது. டிஸ்க் விலகிவிட்டது. மூன்று மாதம் படுத்த படுக்கை. எழுந்து வந்தபோது, "இனிமே தூக்கற வேலை வேண்டாம், அளக்கற வேலை பாருங்க" என்று ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா இந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அது எப்பேர்ப்பட்ட நாற்காலி என்று. ஆராய்ச்சியில் சேர்ந்த குழந்தைகளில் பாதிப் பேருக்குத் தினமும் பயிற்சி, மீதிப் பேருக்கு வாரம் ஒருநாள். யாருக்கு எது என்று அளப்பவளுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். அதனால் பயிற்சிக் கூடத்தின் பக்கமே அவள் தலைவைக்கக் கூடாது. அந்தப் பக்கத்து ஜன்னலில் வெளியே தெரியாதபடி வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள். ஏறி இறங்கப் பின்படிதான். கேன்டீனில் பழைய தோழிகளோடு சாப்பிடக்கூடாது, தன் அறையிலேயே டப்பாவைத் திறந்துகொள்ள வேண்டும். ஆராய்ச்சியில் இருக்கும் அம்மாக்களிடம் "சாப்டியா" என்பதற்கு மேல் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது. பத்துக்குப் பதினைந்து அடி அறை, நீல மெத்தை, பெஞ்சு ஒன்று, மரத்தில் ஐந்து படி, இரண்டு கேமரா, அம்மாக்கள் தாண்டக்கூடாத மஞ்சள் கோடு, கையில் ஸ்டாப்வாட்ச். இப்படி நான்கு வருடம். ஜெயிலில் இருப்பவனைக்கூட மனுப்போட்டுப் பார்க்க ஆள் வரும் என்று வீட்டில் அலுத்துக்கொள்வாள்.

ஆனால் அந்த அறைக்குள் அவள் சொல்தான் சொல். கறாரக்கா மூன்று என்றால் மூன்று, பூஜ்யம் என்றால் பூஜ்யம். மேல்முறையீடு கிடையாது. ஒரு மனுஷிக்கு அடைபட்டுக் கிடக்க அந்த ஒன்று போதுமானதாக இருந்தது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளுக்கே ஒரு பரீட்சை வரும். முன்பு அவள் மார்க் போட்ட குழந்தைகளின் பழைய வீடியோ பத்து அனுப்புவார்கள். என்ன மார்க் போட்டாள் என்பதைக் காட்டமாட்டார்கள். பார்த்து மறுபடி போடவேண்டும். அன்றைய கண்ணும் இன்றைய கண்ணும் ஒத்துப்போகிறதா என்று சோதிக்கிற ஏற்பாடு. எந்த வேலையிலாவது இரண்டு மார்க்கோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்தால் திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று திறக்கும். எது சரி, தப்பு எப்படி நடந்தது என்று அதில் எழுதினால்தான் அடுத்த பக்கம் போகும். இதுவரை அவளுக்கு அந்தக் கட்டம் திறந்ததே இல்லை. அது என்ன சிவப்பு, அடர்சிவப்பா வெளிர்சிவப்பா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

கடைசிப் பரீட்சை ஒரு திங்கட்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் முடிக்கவேண்டும். அடுத்த மாதம் ஆராய்ச்சி முடிவை எழுதி அனுப்புகிறார்கள். முடிவு நல்லபடியாக வந்தால் தினசரிப் பயிற்சி எல்லா மையங்களுக்கும் போகும். அதற்காக எத்தனையோ பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

ஏழாவது வீடியோவைத் திறந்ததும் "அட, சிட்டு!" என்றாள் வாய்விட்டு.

சிட்டு என்பது அந்தக் குழந்தைக்கு மையத்தில் விழுந்த செல்லப்பெயர். வீடியோவில் அவளுக்கு வயது நான்கு, இப்போது ஏழு. ஐம்பது சதவீதத்துக்குக் கீழே வாங்கிய குழந்தைகளைத்தான் ஆராய்ச்சியில் எடுத்தார்கள். சிட்டு வாங்கியது ஐம்பதே கால். கால் சதவீதத்தில் வெளியே போன பிள்ளை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை கீழ்த்தளத்தில் சாதாரணப் பயிற்சி, அதோடு சரி. ஆராய்ச்சியில் இல்லாத பிள்ளை என்பதால் அந்த அம்மாவோடு பேசத் தடையில்லை. அவளும் வருகிற அன்றெல்லாம் சிட்டுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்படி ஏறி வந்து, லேமினேஷன் போட்ட மார்க் தாளைப் பையிலிருந்து எடுத்துக் காட்டாமல் போனதில்லை.

"கையை விட்டு இருபது நொடி நிற்பது, மூணு! கறாரக்கா கையால மூணு! எங்க வீட்டாளுங்க இதுக்கப்புறம்தான் வாயை மூடுனாங்க."

சிட்டுவும் கழுத்தை வளைத்து, எச்சில் வழிய, சிரமப்பட்டு ஒரு சொல் சொல்வாள். "மூ... ணு." அவளுக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு சொற்களில் அது ஒன்று.

ஆகவே மற்ற பழைய மார்க்கெல்லாம் மறந்திருந்தாலும் இந்த மூன்று மட்டும் கறாரக்காவுக்கு மறக்க வழியில்லை. இது லேசாக முடியும் என்று நினைத்தபடி வீடியோவை ஓடவிட்டாள்.

பக்கவாட்டுக் கேமரா எடுத்த படம். சிட்டு அழுகிறாள் என்பதற்காகக் கறாரக்கா அன்று அம்மாவை மஞ்சள் கோட்டைத் தாண்டி வரவிட்டிருந்தாள். தொடாமல் இருந்தால் அதற்கு அனுமதி உண்டு. அம்மா குழந்தைக்குப் பின்னால் மண்டியிட்டு, கைகளைத் தன் முழங்காலில் வைத்திருந்தாள். ஸ்டாப்வாட்ச் ஓட ஆரம்பித்தது. இருபது நொடி முழுக்க நின்றால் மூன்று, மூன்று நொடி தாண்டினால் இரண்டு, அதற்கும் கீழே என்றால் ஒன்று. முதல் நொடியிலேயே அம்மாவின் வலது கை முழங்காலை விட்டு எழுந்தது. கவுனின் பின்பக்கப் பெல்ட்டுக்குள் இரண்டு விரல் நுழைந்தது. நுழைந்து, அங்கேயே இருந்தது. முன்பக்கம் சிட்டு கேமராவைப் பார்த்து ஒரே சிரிப்பு.

கறாரக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ, இதைக் கவனிக்காமலா மார்க் போட்டேன் என்று பதறினாள். அது ஒரு நொடிதான். ஏனென்றால் படத்தின் மூலையில் அவளும் இருந்தாள். எட்டாவது நொடியில் அவள் கண் குழந்தையின் முகத்திலிருந்து இறங்கி, பெல்ட்டுக்குப் போய், அந்த இரண்டு விரலில் நின்றது. நன்றாக நின்றது. பிறகு சாவகாசமாக ஸ்டாப்வாட்சுக்குத் திரும்பியது. "இருபது! மூணு!" என்று சொன்ன குரல் அவளுடையதேதான். அம்மா விரலை எடுத்துக் கை தட்டினாள். சிட்டு தனியே நின்றாள், பிறகு பொத்தென்று உட்கார்ந்தாள்.

திரும்ப ஓட்டிப் பார்த்தாள். ஒன்பது முறை பார்த்தாள். வேறு எதையாவது பார்த்திருப்போமா, ரிப்பன், பூச்சி, ஏதாவது? இல்லை. விரலைத்தான் பார்த்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டவள் அந்த அம்மா இல்லை.

பார்க்கப் பார்க்க அந்த நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நினைவுக்கு வந்தது. காலையிலிருந்து ஆறு குழந்தைகள், நிற்கிற வேலையில் எல்லாருக்கும் பூஜ்யம். பூஜ்யம் எழுதி எழுதிக் கை கசந்துபோயிருந்தது. ஏழாவதாக ஒரு குழந்தை சிரித்துக்கொண்டு நின்றது. மொத்தம் கூட்டுவது அலுவலக வேலை. கூட்டினால் ஐம்பதைத் தாண்டும் என்றோ, தாண்டினால் வெளியே போய்விடும் என்றோ அவள் யோசிக்கவே இல்லை. மனசு கேட்கவில்லை, போட்டாள். மறந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

மனசு கேட்கவில்லையாம்! நான்கு வருடத்தில் ஒரே ஒரு நாள் கேட்காமல் போன மனசு, கேட்காமல் போக எந்தப் பிள்ளையைப் பிடித்தது பாருங்கள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை சிட்டுவின் முறை. பின்படியில் அந்த அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் கறாரக்காவுக்குக் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்றிருந்தது. இன்று சிட்டு அம்மா தாளை எடுக்கவில்லை. சிட்டுவை வழக்கம்போல் இடுப்பில் வைக்காமல் தோளில் போட்டிருந்தாள்.

"பத்து நாளா இடுப்புல வெச்சா கத்துறாக்கா. கீழ கேட்டேன், வளர்ற வயசு, வலி இருக்கும்னாங்க."

கறாரக்கா பெஞ்சைக் காட்டினாள். பெஞ்சில் படுக்க வைத்து, இரண்டு முழங்காலையும் மடக்கிச் சேர்த்துப் பார்த்தாள். ஒன்று மேலே, ஒன்று கீழே. காலை லேசாக அகட்டியதும் சிட்டு வீறிட்டாள். பதினோரு வருடம் கையால் பார்த்த வேலை, கைக்கு மறக்கவில்லை.

"இப்பவே எக்ஸ்ரே எடு. நான் எழுதித் தரேன், வரிசையில நிக்காத."

"என்னக்கா, பயமா இருக்கு."

"முதல்ல எடு."

புதன்கிழமை டாக்டரம்மாவின் அறையில் அந்தப் படம் விளக்குப் பெட்டியில் தொங்கியது. இடுப்பு எலும்பின் பந்து, கிண்ணத்தை விட்டு முக்கால்வாசி வெளியே வந்திருந்தது. ஆராய்ச்சியில் சேர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடுப்பு எக்ஸ்ரே உண்டு, எந்தக் குழுவாக இருந்தாலும் உண்டு. நழுவ ஆரம்பித்தால் உடனே தெரிந்துவிடும். சிட்டுவுக்கு மூன்று வருடத்தில் இதுதான் முதல் படம்.

"ஒண்ணரை வருஷம் முன்னாடி பிடிச்சிருந்தா தசையைத் தளர்த்துற சின்ன ஆபரேஷனோட போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா. "இப்ப எலும்பை வெட்டித்தான் வெக்கணும். சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்றேன். ஆமா, இந்தப் பொண்ணு ஏன் நம்ம ஆராய்ச்சில இல்ல?" கோப்பைப் புரட்டினார். "ஓ, ஐம்பதே கால். அப்ப சரி, நல்லா இருந்த பொண்ணுதான்."

அந்த 'அப்ப சரி'யைக் கேட்டபின் கறாரக்காவால் கிளம்ப முடியவில்லை.

"மேடம், ஒரு சந்தேகம். சிவப்புக் கட்டம் வந்தா என்ன ஆகும்?"

"உங்களுக்கா? வராதே."

"வந்தா?"

"கவனிக்காம விட்டுட்டேன்னு எழுதினா ஒண்ணும் ஆகாது. மனுஷங்கதானே, அதுக்குத்தான் அந்தக் கட்டமே. தெரிஞ்சே கூட்டிப் போட்டேன்னு எழுதினாத்தான் வம்பு. அந்த ஆள் போட்ட அத்தனை மார்க்கையும் வேற ஒருத்தர் வீடியோ பார்த்து முதல்லேர்ந்து போடணும். இருநூத்திப் பன்னெண்டு பிள்ளைங்க. ஒரு வருஷம் போயிடும், ஆளும் போயிடணும்." டாக்டரம்மா சிரித்தார். "ஏன், யாராவது பயமுறுத்துனாங்களா? உங்க மார்க்தாங்க இந்த ஆராய்ச்சிக்கே அஸ்திவாரம்."

"சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பின்படி வழியாக இறங்கினாள்.

இப்போது அவள் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மறுபடி மூன்று என்று போட்டால் கட்டமே திறக்காது. ஆனால் விரலை ஒன்பது முறை பார்த்தபின் மூன்று போட அவள் கை வராது. சரியான மார்க்கைப் போட்டு, கவனிக்கவில்லை என்று எழுதினால் மன்னிப்பு கைமேல் கிடைக்கும், அது பச்சைப் பொய். பார்த்தேன் என்று எழுதினால் அது உண்மை, அந்த உண்மையால் இருநூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளின் மார்க்கும், தினசரிப் பயிற்சிக்குக் காத்திருக்கும் பிள்ளைகளின் ஒரு வருடமும் போகும். சிட்டுவின் இடுப்பு எதை எழுதினாலும் பழையபடி உள்ளே போகப்போவதில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டில் கை வைத்தவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் பஸ் டிரைவர். காலை ஷிப்ட் என்றால் அன்றைய சமையல் அவருடையது.

"என்ன, இன்னைக்கு எத்தனை மார்க்?"

மற்ற நாளாக இருந்தால், "உப்பு தொடங்கியிருக்கு, முடிக்கல, ஒண்ணுதான்" என்பாள். இன்று நடந்ததையெல்லாம் கொட்டினாள். அவர் கை கழுவாமலே கேட்டார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கவனிக்கலன்னு எழுதிட்டு வா. எங்க டிப்போவுல எந்த டிரைவராவது பார்த்தேன், ஆனாலும் இடிச்சேன்னு எழுதிக் குடுத்திருக்கானா? திடீர்னு குறுக்க வந்துச்சு, கவனிக்கலன்னுதான் எழுதுவான். உன் கண்ணைத் தோண்டியா பார்க்கப் போறாங்க?"

"வீடியோவுல தெரியுதுங்க."

"உனக்குத் தெரியும். மத்தவங்க விரலைப் பார்ப்பாங்களா, உன் கண்ணைப் பார்ப்பாங்களா?" தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தி, "அந்தப் பிள்ளைங்களுக்காகவாவது எழுது. உன் மனசாட்சிக்காக ஒரு வருஷம் அதுங்க காத்துக்கிடக்கணுமா?" என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. யாராவது ஒருத்தர் தப்பாகச் சொன்னால் சண்டை பிடித்தாவது ஆறியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஏழாவது வீடியோவின் மார்க்கைப் போட்டாள். பூஜ்யம் போடத்தான் விரல் போனது, நிறுத்தினாள். பெல்ட்டைப் பிடித்திருந்த நேரம் கணக்கில் வராது. அம்மா விரலை எடுத்தபின் சிட்டு தனியே நின்ற நேரம்தான் கணக்கு. படத்தை மெதுவாக ஓட்டி, ஸ்டாப்வாட்சை வைத்து ஆறு முறை அளந்தாள். ஒரு நொடி. மூன்று நொடிக்குக் கீழே, ஆகவே ஒன்று. ஒன்று என்று அழுத்தியதும் சிவப்புக் கட்டம் திறந்தது. அடர்சிவப்பு. மொத்தம் தானாகவே மாறி நாற்பத்தொன்பதே கால் ஆனது. கட்டத்துக்குள் "கவனிக்கவில்லை" என்று ஒற்றைச் சொல் அடித்துவிட்டு, அனுப்பாமல், அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

கதவு தட்டப்பட்டது. சிட்டு அம்மா. கையில் ஆபரேஷன் தேதிச் சீட்டு, பக்கத்தில் மையத்தின் தள்ளு நாற்காலியில் சிட்டு.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டுங்க, அடிங்க, பரவால்ல."

"என்னம்மா?"

"அன்னைக்கு அவ நிக்கலக்கா. நான் பிடிச்சிருந்தேன். ரெண்டு விரல்தான். பெல்ட்டுல." மூச்சு வாங்கினாள். "ஃபெயிலாயிட்டா இனிமே வராதன்னு அனுப்பிடுவாங்களோன்னு பயம். பாஸானாத்தான் அனுப்புவாங்கன்னு எனக்கு என்னக்கா தெரியும்? புதன்கிழமை டாக்டரம்மா சொல்றாங்க, ஐம்பதுக்கு மேல வாங்கினதால எக்ஸ்ரே எடுக்கலன்னு. என் கையாலேயே என் பிள்ளை இடுப்பை ஒடிச்சிட்டேன்."

கறாரக்கா திரும்பித் திரையைப் பார்த்தாள்.

"உங்களை ஏமாத்திட்டேன்க்கா. அதை எங்கயாவது எழுதணும்னா எழுதிக்குங்க. இந்தப் பொம்பளை ஏமாத்திட்டா, எனக்குத் தெரியாதுன்னு எழுதிக்குங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

கேட்டதைவிட அதிகமாகவே வழி திறந்துவிட்டது. திரையில் இருந்த அந்த ஒற்றைச் சொல்லுக்கு இப்போது சாட்சியும் வந்தாகிவிட்டது, கையெழுத்தோடு. பேசாமல் தலையை ஆட்டினால் போதும். சொல்லப்போனால் ஆட்டவேகூட வேண்டாம்.

"ஆனா ஒண்ணுக்கா" என்றாள் சிட்டு அம்மா, கண்ணைத் துடைத்தபடி. "கறாரக்காவே மூணு போட்டாங்கன்னா, நான் பிடிச்சது லேசாத்தான் இருந்திருக்கும், அவதான் நின்னிருப்பான்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டேன். நீங்க போட்டதாலதான் அப்படி நெனச்சேன்."

"பார்த்தேன்" என்றாள் கறாரக்கா.

"என்னக்கா?"

"நீ பிடிச்சதைப் பார்த்தேன். எட்டாவது நொடியில. பார்த்துட்டுத்தான் போட்டேன்."

சிட்டு அம்மா அழுகையை நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்திய விதம்தான் கறாரக்காவுக்குத் தாங்கவில்லை.

"பார்த்துட்டா?"

"ஆமா."

"எதுக்கு?"

"பாவமா இருந்துச்சு."

கறாரக்கா மேசைக்குத் திரும்பி, கட்டத்துக்குள் இருந்த சொல்லை அழித்தாள். "பார்த்தேன். பரிதாபப்பட்டுப் போட்டேன்" என்று அடித்தாள். சிட்டு அம்மா பின்னால் நின்று படிப்பது தெரிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு முகமும் கண்ணுக்குள் வந்து நின்றன. அனுப்பு என்பதை அழுத்தினாள். அப்பாடா என்று இருக்கும் என நினைத்திருந்தாள். இல்லை.

"நான் சட்டை தைக்கிற கம்பெனியில செக்கிங்ல இருக்கேன்" என்றாள் சிட்டு அம்மா மெதுவாக. அக்கா என்ற சொல் விட்டுப்போயிருந்தது. "ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை. தைக்கிறவ அழுதுக்கிட்டே நீட்டினாலும் ஒரு நூல் தொங்குறதைப் பாஸ் பண்ண மாட்டேன். பண்ணா அதைப் போட்டுக்கிட்டுப் போறவன்தானே கஷ்டப்படுவான்."

பையிலிருந்து லேமினேஷன் தாளை எடுத்தாள். வேலைக்கு வைத்திருக்கும் நூல் வெட்டுகிற குட்டிக் கத்தரியையும் எடுத்தாள். மூன்று வருடம் பத்திரமாக இருந்த பிளாஸ்டிக்கை ஓரத்தில் கிழித்து, தாளை உருவி மேசையில் வைத்தாள்.

"திருத்திக் குடுங்க. எங்க வீட்ல இது பொய்யா இருக்க வேண்டாம்."

தாளைப் பார்த்ததும் சிட்டு கழுத்தை வளைத்துச் சிரித்தாள். "மூ... ணு."

இருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. திருத்தத்துக்கு ஒரு முறை உண்டு. பழையதை மறைக்காமல் நடுவே ஒரே கோடு, பக்கத்தில் புது மார்க், கீழே கையெழுத்து, தேதி. கறாரக்கா அப்படியே செய்தாள்.

"ஒண்ணா?" சிட்டு அம்மா குனிந்து பார்த்தாள். "பூஜ்யம்னு நெனச்சேன்."

"நீ விரலை எடுத்ததுக்கப்புறம் ஒரு நொடி தனியா நின்னாம்மா. உன் கை இல்லாம, என் கை இல்லாம. அந்த ஒண்ணு அவளோடது."

சிட்டு அம்மா தாளையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கொஞ்சம் மலர்ந்த முகம் பாதியில் நின்றுவிட்டது.

"இது பாவம் பார்த்துப் போட்டது இல்லையே?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

நான்கு வருடத்தில் அந்த அறைக்குள் கறாரக்கா சத்தியம் செய்ய வேண்டி வந்ததில்லை. சொன்னால் போதும், நம்பிக்கொண்டு போவார்கள். இன்று சத்தியமே செய்தாள், அது அந்த அம்மாவின் முகத்தில் எங்கேயும் போய்ச் சேரவில்லை.

"வீடியோவைப் போடுங்க" என்றாள் சிட்டு அம்மா, கத்தரியைப் பைக்குள் வைத்துக்கொண்டே. "நானே பார்த்துக்கிறேன்."

கறாரக்கா நாற்காலியை விட்டு எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தாள்.